எண்ணெய்க் கையோடு போன தனஞ்சயன்

கொட்டாஞ்சேனைத் தனஞ்சயன் எனக்கு மச்சான் முறை. அவனுடைய தகப்பனும் என் தாயும் கூடப்பிறந்ததுகள். கலியாணம் கட்டாமல் தமக்கை பத்மாவதியோடேயே காலம் போக்கினவன்.

வேலை மட்டக்குளியில், கண்ணாடித் தொட்டிக்குரிய கடல்மீன்களை வெளிநாட்டுக்கு ஏற்றுகிற ஒரு கொட்டிலில். மீனின் வழும்பும் மிச்ச இரையும் தண்ணீரில் கரைந்து கிடக்குமாம், கண்ணுக்குத் தெரியாது. முதலாளி அதைப் புரதம் என்பார். அப்படியே விட்டால் தண்ணீர் கெட்டு மீன் செத்துப்போகும். அதனால் ஒரு நெட்டைக் குழாய்க்குள் அந்தத் தண்ணீரை விட்டு, அடியிலிருந்து பொடிப்பொடிக் குமிழியாகக் காற்று ஊதுவார்கள். வழும்பு குமிழியில் ஒட்டி, நுரையாக ஏறி, உச்சியில் இருக்கிற கோப்பைக்குள் வழியும். பால் விடாத சாயத்தேத்தண்ணி நிறம், நாற்றம் சொல்ல ஏலாது. கோப்பையை ஊற்றிக் கழுவுவதும், நுரையின் உயரம் பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைப்பதும்தான் தனஞ்சயனின் வேலை.

எண்ணெய் பட்டால் நுரை படுத்துவிடும். ஆனபடியால் அவன் தலைக்கு எண்ணெய் வைக்கிறதில்லை. சனிக்கிழமைகளில் பத்மாவதி போத்தலோடு துரத்துவாள்.

"மீனுக்குப் பயந்து மொட்டையாகப் போறாய்டா."

"நல்லது, சீப்புத் தேடத் தேவையில்லை."

போன ஆவணியில் பத்மாவதி நித்திரையிலேயே போய்விட்டாள். கிரியையில் எண்ணெயும் அரப்பும் வைக்க அவனைத்தான் முதலில் கூப்பிட்டோம். உள்ளங்கை நிறைய எடுத்து, அவளுடைய உச்சியில் வைத்து, நரைமயிரோடு சேர்த்துத் தடவினான். அழவில்லை.

அந்த நேரம் கொட்டிலில் கூட வேலைசெய்கிற இப்ஹாம் போன் எடுத்தான். நுரை கட்டுமீறி ஏறி, வழிந்து திரும்பவும் தொட்டிக்குள் போகிறதாம், காற்றைக் குறைக்கத் தனக்குப் பிடிபடவில்லையாம். பிரேதம் எடுக்க இன்னும் நேரம் இருந்தது. கொள்ளி வைக்க அவனைவிட ஆளில்லை.

"டக்கெண்டு வந்திடுறன்" என்று ஓட்டோவில் ஏறினான்.

அங்கே நடந்ததைப் பிறகு இப்ஹாம்தான் சொன்னான். போனவன் கோப்பையைக் கழற்றி, ஒரு யோசனையும் இல்லாமல் குழாயின் கழுத்துக்குள் கையை விட்டுத் துடைத்துவிட்டான். நுரை பொசுக்கென்று படுத்தது.

"எண்ணெயா அண்ணே?"

"ஓம். அக்காவுக்கு வைச்சது."

பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதின்மேல் இருந்துவிட்டான். நாங்கள் எடுத்த போன் ஒன்றுக்கும் பதில் இல்லை.

"நான் மீனை மற்றத் தொட்டிக்கு மாத்துறன். நீங்க போங்க, அக்காவை எடுக்கப்போறாங்க."

"நுரை எழும்பட்டும்."

"அது எழும்பும். அக்கா எழும்புவாவா?"

கையில் பிடித்து இழுத்து ஓட்டோவில் ஏற்றினது இப்ஹாம்தான். நாங்கள் பிரேதத்தை வாசலுக்குத் தூக்கிவர வந்து இறங்கினான். மாதம்பிட்டிச் சுடலையில் கொள்ளி வைத்தான்.

பொழுதுபட இப்ஹாம் திரும்பப் போன் எடுத்தான். நுரை எழும்பிவிட்டதாம், மீன் ஒன்றும் சாகவில்லையாம்.

"ம்" என்றான் தனஞ்சயன்.

அடுத்த சனிக்கிழமை நான் போக, அவன் வேலைக்கு வெளிக்கிட்டு நின்றான். சுவர்த்தட்டிலிருந்த பத்மாவதியின் எண்ணெய்ப் போத்தலை எடுத்து நீட்டினான்.

"இதைக் கொண்டு போங்கோ மச்சாள். இஞ்ச பாவிக்க ஆளில்லை."

வாங்கிக்கொண்டு வந்தேன்.