சதுக்கத்துக் குதிரையின் பெயர்

உருகுவாயில் சான் எவுலோகியோ பேருந்து நிலையத்தில் சீட்டு கொடுப்பவள் நேலிதா பெந்தாங்கோர். ஒரு பேருந்து போய் அடுத்தது வருவதற்குள் மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே விக்கிப்பீடியாவைத் திறந்துவிடுவாள். கட்டுரை எழுதுவதில் அவளுக்கு நாட்டமில்லை. 'சான்று தேவை' என்று குறி போட்ட வரிகளைத் தேடிப் பிடித்து, எந்த நூல், எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்று அடியில் சேர்ப்பதுதான் பிடிக்கும்.

"புருஷன் வந்து 'உம்மேல உசுரு'ன்னு சொன்னாலும் பக்க எண் கேப்பீங்களோ?" என்பான் பார்சல் பிரிவு உபால்தோ.

"கேட்டேனே. பதிலக் காணோம், அதான் அனுப்பிட்டேன்."

சென்ற கோடையில் அவர்கள் ஊரைப் பற்றிய கட்டுரையிலேயே யாரோ குறி போட்டிருந்தார்கள். 'சதுக்கத்தில் கர்னல் ஏறியிருக்கும் வெண்கலக் குதிரையின் பெயர் லூசேரோ' என்ற வரி. ஊருக்கே தெரிந்த சங்கதி! நேலிதா ஒரு நாளிதழ்ச் செய்தியைத் தேடியெடுத்து இணைத்துவிட்டாள். மறுநாள் அந்தச் செய்தியை முழுக்கப் படித்தபோதுதான் திக்கென்றது. கடைசியில் 'தகவல்: விக்கிப்பீடியா' என்றிருந்தது. கட்டுரையின் பழைய திருத்தங்களைப் புரட்டினாள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த வரியை எழுதியவள் அவளேதான். விக்கிக்கு வந்த புதிதில், எர்மெஸ் மாமா சொன்னதை நம்பி எழுதியது.

மாமாவுக்குப் போன் போட்டாள்.

"லூசேரோவா? அது நான் வளத்த குதிரைடி! நீ நச்சரிச்ச, வாய்க்கு வந்த பேரச் சொல்லி வச்சேன்."

அன்றே வரியை நீக்கினாள். மறுநாள் காலையில் பேக்கரிக்காரி தோரீத்தா சீட்டு ஜன்னலில் வந்து நின்றாள். அவள் கடைக்குப் பெயரே லூசேரோ. குதிரை பிஸ்கட்டுக்குத்தான் அங்கே கூட்டம்.

"எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி விட்டுவைக்கிறது தோரீத்தா?"

"அப்ப நெசமான பேரக் கண்டுபுடிச்சுக் குடு!"

மூன்று சனிக்கிழமைகள் நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கு நடுவே தும்மித் தீர்த்தாள். 1934 நவம்பர் இதழ் ஒன்றின் ஐந்தாம் பக்கத்தில் கிடைத்தது. சிற்பியின் முன்னால் அசையாமல் நின்ற குதிரை ஊரில் ஒன்றே ஒன்றுதானாம்: சவ வண்டி இழுத்த கிழட்டுப் பெட்டைக்குதிரை. பெயர் பாசியென்சியா, அதாவது பொறுமை.

தோரீத்தா வாயைப் பிளந்தாள். "பொண வண்டிக் குதிரை மேலயா கர்னல் அவ்வளவு மொறப்பா உக்காந்திருக்காரு?" சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், பேருந்துக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "போர்ட மாத்த மாட்டேன். இனிமே ரெண்டு தினுசு சுடுறேன். ஓடுறது லூசேரோ, தூங்குறது பாசியென்சியா."

நேலிதா பக்கம், பத்தி எண்ணோடு சான்றைச் சேர்த்தாள். குறி போட்டவர் எங்கிருந்தோ 'நன்றி' அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அன்று பாசியென்சியாவை வைத்திருந்து இன்றும் சவ ஊர்தி நடத்தும் குடும்பத்தார் கறுப்புக் கோட்டு போட்டுச் சதுக்கத்துக்கு வந்தார்கள். ஏணி வைத்து ஏறி, கர்னலை ஏறெடுத்தும் பார்க்காமல், குதிரையின் கழுத்தில் பெரிய மலர் வளையத்தை மாட்டினார்கள்.