சம்பந்தி முன்னால் சொன்ன லட்சம்

1. மடியில் நோட்டீஸ்

புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தபோது கடைவீதியில் சிலர் கற்கண்டு கொடுத்தார்கள். மாகாணத்தின் விற்பனை வரியும் பின்னாலேயே வந்து சேரும் என்று கற்கண்டு தின்றவர்கள் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. நான் நினைத்தேன். திருச்சியில் ஒரு ஆடிட்டரிடம் குமாஸ்தாவாக இருந்தவன், பெட்டியைக் கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்து, ஒரு மாடி அறையைப் பிடித்து, ‘விற்பனை வரி ஆலோசகர்’ என்று போர்டு மாட்டினேன். பல மாதம் அந்தப் போர்டைக் காக்கைகள்தான் பயன்படுத்தின.

வியாபாரிகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். “வரியும் கட்டணும், வரி கட்டச் சொல்லிக் குடுக்குறவருக்குக் கூலியும் கட்டணுமா? நல்ல கதையா இருக்கே!” என்று ஒரு பாத்திரக்கடைக்காரர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளிடமும் இன்று அதைத்தான் கேட்கிறார்களாம். அதற்கு எனக்குப் பதில் கற்றுக்கொடுத்தவர் விராலிமலை முத்துக்கருப்பன்.

ஒரு நாள் காலையில் அவர் மாடிப்படி ஏறி வந்தார். நல்ல ஆகிருதி, வெள்ளை வேட்டி, தோளில் பெரிய துண்டு. மனிதர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. மடியிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“ஐயா, மொளகா, புளி மண்டி வச்சிருக்கேன். வரி போடப் போறோம்னு காயிதம் வந்திருக்கு. அம்புட்டையும் கட்டுனா மண்டிய இழுத்து மூட வேண்டியதுதான். நீங்க கொறச்சுக் குடுக்கணும். ஆனா நான் சின்ன ஆளுன்னு மட்டும் அங்கிட்டுப் போயிச் சொல்லிறாதீங்க.”

“சின்ன ஆளுன்னு சொல்லாம வரிய எப்புடிங்க கொறைக்கிறது? நான் என்ன மந்திரமா போடுறேன்?”

நோட்டீசோடு, வரி இன்ஸ்பெக்டர் எழுதி வாங்கிய ஸ்டேட்மெண்டின் நகலும் இருந்தது, படித்தேன். மண்டியின் வருஷ வியாபாரம் லட்ச ரூபாய்க்குக் குறையாது, சரக்கெல்லாம் என் சொந்தச் சரக்கு என்று எழுதி, முத்துக்கருப்பன் கையெழுத்து. அதன் கீழே சாட்சியாகத் திருவரங்குளம் சிதம்பரம் என்று இன்னொரு கையெழுத்து.

“யாருங்க இந்தச் சிதம்பரம்?”

“சம்பந்தி,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆகப் போறவரு,” என்றார்.

2. அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்

நடந்தது இதுதான். முத்துக்கருப்பனின் மகள் வள்ளியம்மையைத் திருவரங்குளத்தில் மளிகைக்கடை வைத்திருந்த சிதம்பரத்தின் மகனுக்குக் கேட்டிருந்தார்கள். தை மாதம் பரிசம் போடுவதாகப் பேச்சு. பெண் வீட்டின் நிலவரத்தைப் பார்த்துப் போகலாம் என்று சிதம்பரம் விராலிமலைக்கு வந்து மண்டியில் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் விற்பனை வரி இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்திருக்கிறார்.

“வியாபாரம் எப்புடின்னு அந்த இன்ஸ்பெக்டர் கேட்டாருங்க. இவரு பக்கத்துல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருக்காரு. தரகு வேலைதான் பாக்குறேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இவரு மூஞ்சியப் பாத்தேன். லச்சம்னு வந்துருச்சு.”

“சரக்கு பூரா என்னுதுன்னு எதுக்குச் சொன்னீங்க?”

“லச்சம்னு சொன்னப்பறம் அது அடுத்தவன் சரக்குன்னா நல்லாவாங்க இருக்கும்?”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் பொறுமைசாலி என்று எவனும் சொன்னதில்லை. “பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுற எடத்துல சர்க்காரைக் கூப்புட்டு உக்கார வச்சிருக்கீங்களே!” என்று கத்திவிட்டேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் கேட்டார், இவர் சொன்னார், அவர் எழுதி, பக்கத்தில் இருந்தவரிடமே சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

மண்டித் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். மிளகாயும் புளியும் குடியானவர்களுடையவை. மூட்டையைக் கொண்டுவந்து மண்டியில் இறக்குவார்கள். திருச்சியிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் வாங்குகிறவர்கள் வருவார்கள். முத்துக்கருப்பன் இருவருக்கும் நடுவில் நின்று விலை முடித்து, எடைபோட்டுக் கொடுத்து, தரகு வாங்கிக்கொள்வார். லட்ச ரூபாய் சரக்கு அவர் மண்டி வழியாகப் போனது மெய். ஆனால் அதில் ஒரு மிளகாய்கூட அவருடையது இல்லை. அடுத்தவர் சரக்கை விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டுக்கு அந்த டர்ன்ஓவரின் மேல் வரி இல்லாமல் லைசென்சு வாங்கச் சட்டத்தில் வழி இருந்தது. அப்படி ஒரு வழி இருப்பது அவருக்குத் தெரியாது. நோட்டீசில் கண்ட வரியைக் கட்டினால் அந்த வருஷத்துத் தரகு முழுவதும் போய், மேற்கொண்டு கையிலிருந்தும் கொடுக்க வேண்டும்.

“சரக்கு ஒங்களோடது இல்லைன்னு காட்டிட்டா தப்பிச்சுக்கலாம். ஆனா சாட்சிக் கையெழுத்துப் போட்டவரையும் வரி போடுற ஆபீசர் கூப்புடுவாரு,” என்றேன்.

“அப்ப வேணாங்க,” என்று எழுந்துவிட்டார்.

3. கிணற்றுக் கொல்லை

போனவர் சும்மா இருக்கவில்லை. தன் கிணற்றுக் கொல்லை நிலத்தை அடமானம் வைக்க ஆள் தேடுகிறார் என்று காதில் விழுந்தது. கேஸ் இன்னும் என் கைக்கு வரவில்லை, கூலியும் பேசவில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸைப் பிடித்தேன். அது ஒவ்வொரு ஏற்றத்திலும் மூச்சு வாங்கி, ஒருவழியாக என்னை விராலிமலையில் கொண்டுபோய் விட்டது.

வீட்டில் முத்துக்கருப்பனும் அவர் மனைவி செல்லாயியும் இருந்தார்கள். நான் அந்த அம்மாள் காதில் விழவேண்டும் என்றே உரக்கச் சொன்னேன். “கொல்லைய வச்சு இந்த வருஷம் கட்டீருவீங்க. அடுத்த வருஷமும் இதே கணக்கப் பாத்துத்தான் கேப்பாங்க. அப்ப எதை வைப்பீங்க?”

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். செல்லாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

“இந்தச் சம்பந்தம் போனா வேற எடம் பாத்துக்கலாம். மண்டியும் கொல்லையும் போனா யாரு நம்ம வீட்டு வாசலுக்கு வருவா? ஐயா சொல்றபடி செய்யிங்க.”

“ஒனக்கு என்னடி தெரியும்? நாலு பேரு சிரிப்பாங்க.”

“சிரிச்சுட்டுப் போறாங்க. அவங்களா வந்து நமக்குக் கஞ்சி ஊத்தப் போறாங்க?”

அவருக்காக நான் ஆஜராக அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில் முத்துக்கருப்பன் கையெழுத்துப் போட்டார். பத்திரத்தை நீட்டியபோது என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

4. ஆபீசர் தும்மினார்

விசாரணைக்குப் புதுக்கோட்டை ஆபீசில் நான் ஆஜரானேன். ஆபீசர் கறாரான மனிதர். சிரிப்பு என்பது அவர் அகராதியிலேயே கிடையாது. ஸ்டேட்மெண்டை விரலால் தட்டினார்.

“அன்னிக்குச் சொன்னது பொய்யா? இன்னிக்கு நீங்க சொல்றது பொய்யா?”

“ரெண்டுல எது நிஜம்னு சந்தை நாள்ல மண்டிக்கு வந்து நீங்களே பாக்கணும், சார்,” என்றேன்.

அவர் தன் டைரியைப் புரட்டினார். “வரேன். சாட்சியும் அங்க இருக்கணும்,” என்றார்.

சந்தை நாளில் மண்டி நிறைய மூட்டை. ஆபீசர் உள்ளே காலை வைத்ததும் மிளகாய் நெடி ஏறி அடுக்கடுக்காகத் தும்மினார். வேறு நாளாக இருந்தால் நான் ரசித்திருப்பேன். மூலையில் ஸ்டூலில் சிதம்பரம் உட்கார்ந்திருந்தார். சம்மன் கிடைத்து வந்தவர். ஒல்லியான, பேச்சுக் குறைந்த மனிதர். அவரைப் பார்த்ததும் முத்துக்கருப்பன் கும்பிட்டார். பதிலுக்கு அவரும் கும்பிட்டார்.

“எப்பவும் எப்புடி விலை முடிப்பீங்களோ அப்புடியே முடிங்க,” என்று நான் முத்துக்கருப்பனிடம் சொன்னேன்.

கொடும்பாளூரிலிருந்து மிளகாய் கொண்டுவந்திருந்த வீரப்பன் என்ற குடியானவர் மூட்டை அருகில் நின்றார். முத்துக்கருப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கையின் மேல் போட்டு, துண்டுக்குள் விரல்களைப் பிடித்தார். வீரப்பன் எதிர்பார்க்கும் விலை விரல் வழியாக வந்தது. பிறகு துண்டோடு திருச்சி வியாபாரியிடம் போய் அவர் விரலைப் பிடித்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். மறுபடியும் வீரப்பன், மறுபடியும் வியாபாரி. கூடி நின்றவர்களுக்கு விலை தெரியாது, நடுவில் நின்றவருக்கு மட்டும் தெரியும். நம் பக்கத்து மண்டிகளில் காலங்காலமாக இப்படித்தான் விலை முடிகிறது.

ஆபீசர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தச் சரக்கை விற்கிறவன் ஒரு கையைத்தான் பிடிக்க வேண்டும், இவர் ஏன் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார் என்று நான் எடுத்துச் சொல்வதற்குள் அவரே வீரப்பனைக் கேட்டுவிட்டார்.

“இது யாரோட மிளகாய்?”

“ஏங்க, என்னுதுதான்.”

“முதலாளி ஒங்ககிட்ட வெலைக்கு வாங்கலையா?”

வீரப்பன் பெரிதாகச் சிரித்தார். “இவரா? வாங்குறதுக்கு இவருட்ட என்னங்க இருக்கு? தராசும் துண்டும்தானே!”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது தினசரிப் பேச்சு. முத்துக்கருப்பன் முகம் வெளுத்துவிட்டது. சிதம்பரம் சிரிக்கவில்லை. கீழே கிடந்த ஒரு மிளகாய்க் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீசர் விடவில்லை. “குடியானவர் சொன்னா மட்டும் போதாது. கையெழுத்துப் போட்டது நீங்க. சாட்சியும் இங்க இருக்கார். இப்ப நீங்க சொல்லுங்க. இந்தச் சரக்கு ஒங்களுதா, இல்லையா?”

முத்துக்கருப்பன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். மறுபடியும் லட்சம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவருக்குப் பதிலாக நான் வாயைத் திறக்க முடியாத ஒரே இடம் அதுதான். அவர் சிதம்பரத்தின் பக்கம் திரும்பினார். ஆபீசருக்குச் சொல்ல வேண்டியதை அவரைப் பார்த்துச் சொன்னார்.

“எஞ் சரக்கு இல்லீங்க. நான் தரகந்தான்.”

5. சாப்பிடாமல் போனவர்

ஆபீசர் எழுதிக்கொண்டார். ஏஜெண்டு லைசென்சுக்கான மனுவை நான் பையிலேயே கொண்டுபோயிருந்தேன். கெடு முடிய இன்னும் நாள் இருந்ததால் அதையும் அங்கேயே கொடுத்தேன். முன்பு போடுவதாக இருந்த வரி விழவில்லை.

சிதம்பரம் எழுந்தார். வீட்டில் செல்லாயி கோழி அடித்துச் சமைத்து வைத்திருந்தார். “சாப்புட்டுட்டுப் போகலாம், வாங்க,” என்று முத்துக்கருப்பன் கெஞ்சினார். “இல்ல, வாரேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு சிதம்பரம் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். சம்பந்தி ஆகப்போகிறவர் சாப்பிடாமல் போனால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“ஜெயிச்சுட்டீங்க,” என்றார் முத்துக்கருப்பன். அதில் நன்றி இல்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. செய்தது சரி என்று தெரியும். ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணத்தை அல்லவா என் கையால் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன் என்று பஸ் முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

சில நாள் கழித்து நண்பகலில் என் மாடிப்படியில் காலடிச் சத்தம். எட்டிப் பார்த்தால் சிதம்பரம். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“என்ன இது?”

“எனக்கு வந்ததுங்க. அவரு மண்டிக்கு வந்த அதே இன்ஸ்பெக்டர் மறுவாரம் எங்கடைக்கும் வந்தாரு.”

“நீங்க எம்புட்டுன்னு சொன்னீங்க?”

சிதம்பரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். “ஒண்ணே கால் லச்சம்.”

“ஒங்க மளிகைக் கடைக்கா?”

“பொண்ணு வீட்டுக்காரரே லச்சம்னு சொல்லிட்டாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரன் அதுக்குக் கொறைச்சுச் சொல்ல முடியுமாங்க?”

நான் சிரிப்பை அடக்க முடியாமல் கூஜாவை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். பிறகு பயந்துகொண்டே கேட்டேன். “அப்ப அந்தக் கலியாணம்?”

“அதுக்கென்ன, தையில பரிசம். நேத்துத்தான் சொல்லி அனுப்புனேன்.”

“அன்னிக்குச் சாப்புடாமப் போனீங்களே?”

அவர் நோட்டீசின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னார். “அம்புட்டுப் பேருக்கு முன்னால, என்னையும் வச்சுக்கிட்டு, அந்த மனுசன் நெசத்தச் சொல்லிட்டாருங்க. எம் பொய்யி என் மடியிலயே இருந்துச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரு வீட்டு எலையில உக்கார்றது?”

அவர் கொள்முதல் செய்த பில்களையெல்லாம் புதுக்கோட்டை மொத்தக் கடைகளிலிருந்து திரட்டி, உள்ள வியாபாரத்தைக் காட்டினோம். நியாயமான வரியைக் கட்டினார். தன் ஒன்றே கால் லட்சத்தைச் சம்பந்தியிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இருவரும் காலமாகிவிட்டதால் இப்போதுதான் எழுதுகிறேன்.

வரிக்கு எதற்கு ஒரு ஆள், அவருக்கு எதற்குக் கூலி என்று உங்களிடம் கேட்டால், தம்பிகளே, சட்டப் பிரிவுகளை ஒப்பிக்காதீர்கள். சிறு கடைக்காரர் வரி ஆபீசரிடம் தனியாகப் பேசுவதே இல்லை. சம்பந்தி, பங்காளி, எதிர்க்கடைக்காரர் எல்லோரும் கூட இருப்பார்கள். ஆள் இல்லாவிட்டாலும் அவர் மனசுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காதுக்காகச் சொல்லுகிற பதிலுக்குத்தான் அவர் வரி கட்டுகிறார். அவருக்காக நாம் பேசும்போது நம் பக்கத்தில் அப்படி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. நமக்குக் கூலி கொடுப்பது அதற்காகத்தான்.