சோளக் கொழுந்தை மேய்ந்த பசுக்கள்

ஆண்டவரின் அன்பை ருசித்தவர்களே, செத்த மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொலையும் விழ இருந்த நாளைச் சொல்கிறேன்.

போன வைகாசி. ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் உளுந்து எடுத்ததும் மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். யார் வயல் என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பசுக்கள் இரண்டும் கொழுந்தனார் சோளம் அறுத்த வயலில் மேய்ந்துவிட்டு வந்தன. வாசலுக்கு வந்ததுமே மூத்தது தடாலென்று விழுந்தது. கால்களை உதைத்து, நுரை தள்ளி, கத்திக் கத்தியே செத்தது. சின்னதும் தள்ளாடியது. அதன் கன்று இன்னும் பால்குடி.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் மூளை ஊரைவிட்டே போய்விடும். அவருக்கும் தம்பிக்கும் வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. "அவன்தான் பூச்சிக்குப் போடுற குருணை மருந்த வச்சிருக்கான். இன்னிக்கு அவன வெட்டாம விடமாட்டேன்" என்று அருவாளோடு பாய்ந்தார். சத்தம் கேட்டுத் தம்பியே எதிரில் வந்துவிட்டார். முதல் வெட்டு வேலிக் கழியில் விழுந்தது. கழி தெறித்தது. குறுக்கே போன என்னை உதறித் தள்ளினார். முழங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. விழுந்த இடத்திலேயே கதறினேன். "ஆண்டவரே, மாடு போனாப் போகட்டும். இவரு கையில ரத்தப்பழி வேணாம்!"

அடுத்த தெருவில் தடுப்பூசி போட வந்திருந்த கால்நடை டாக்டரம்மா கூச்சல் கேட்டு ஓடி வந்தார். அருவாளைக் கண்டுகொள்ளாமல், செத்த மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தார். ஈறு செக்கச்செவேல் என்றிருந்தது. பல்லிடுக்கில் பச்சைக் கொழுந்து.

"அறுத்த சோளத்தட்டை மழைக்குத் துளுத்தா அந்தக் கொழுந்துலயே விஷம் இருக்குங்க. யாரும் வைக்கல. நீங்க கொம்பப் புடிங்க. ஏங்க, நீங்க என்ன நிக்கிறீங்க? கயித்தப் புடிங்க!"

தம்பி சின்னப் பசுவின் கொம்பைப் பிடித்தார். என் கணவர் அருவாளை எறிந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். கழுத்து நரம்பில் ஊசி ஏறியது. மாடு திமிறி என் கணவர் நெஞ்சில் முட்டியது. சாய்ந்தவரைத் தம்பிதான் தோள் கொடுத்துத் தாங்கினார். கொஞ்ச நேரத்தில் துடிப்பு அடங்கியது. பொழுது சாயும் முன் பசு எழுந்து நின்றது.

"சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே" என்று தம்பி அழுதார். இவர் அவரைக் கட்டிக்கொண்டு விம்மினார்.

இப்போது இரண்டு வீடும் ஒன்றாக ஜெபிக்கிறோம். துளிர்த்த சோளத்தில் மாட்டை விடுவதில்லை. அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் கோபம் கண்ணை மறைத்தால் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு நான் பசுவைக் கேட்கவே இல்லை. என் கணவரை மட்டும்தான் கேட்டேன். ஆண்டவர் அவருடைய தம்பியையும் சேர்த்துக் கொடுத்தார்.