பின்பக்கத்துச் சாரம்

என் கணவர் குவைத்தில் சாரம் கட்டுகிறார். பதினோரு வருடமாக அதே வேலை. உயரமான கட்டடங்களைச் சுற்றி இரும்புக் குழாய்களைப் பூட்டி, மற்றவர்கள் ஏறி நின்று வேலை செய்ய இடம் அமைத்துக் கொடுப்பது. அந்தச் சம்பாத்தியத்தில்தான் அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மாடியோடு வீடு கட்டத் தொடங்கினோம். நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் தெருவில் மாடி வீடு ஒன்றுகூட இல்லை. இப்போது ஆறு இருக்கின்றன. எல்லாமே வெளிநாட்டுக்குப் போனவர்கள் வீடுகள்.

கூட இருந்து வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. காலையில் ஆட்களுக்கு டீ கொடுத்துவிட்டு, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போவேன். சாயங்காலம் வந்ததும் அன்றைக்கு நடந்த வேலையை வீடியோ காலில் அவருக்குக் காட்டுவேன்.

கொத்தனார் திருமயத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேல், நிதானமான மனிதர். அவரோடு எப்போதும் ஒரு சித்தாள் வருவாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாய். சேலைக்கு மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் கலவைச் சட்டியோடு, எதையும் பிடிக்காமல் சாரத்தில் ஏறிவிடுவாள். அதிகம் பேசமாட்டாள். அவள் கொண்டுவந்த குழம்பு நன்றாக வந்திருந்தால் மட்டும், ஒரு டம்ளரில் ஊற்றி எனக்காக மூடி வைத்துவிட்டுப் போவாள்.

மார்கழியில் மாடியின் பின்பக்கச் சுவருக்குப் பூச்சு வேலை நடந்தது. ஒருநாள் சாயங்காலம் கைபேசியைத் திருப்பி என் கணவருக்கு அந்தச் சுவரைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. சாரத்தின் அடியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். சவுக்குக் கம்புகளில் ஒன்று அரைச் செங்கல் மேல் நின்றது. அந்தச் செங்கல், கழிவறைத் தொட்டிக்குத் தோண்டி மூடிய புதுமண்ணின் மேல் இருந்தது.

"நாளைக்கு யாரையும் ஏற விடாத. பிரிச்சுக் கட்டச் சொல்லு" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. தை மாதம் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. அதற்குத் தகுந்தபடி அவரும் விடுமுறைக்கு டிக்கெட் போட்டிருந்தார். சாரத்தைப் பிரித்துக் கட்டினால் இரண்டு நாள் போய்விடும். மறுநாள் காலையில் கொத்தனாரிடம் சொன்னேன், ஆனால் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்லவில்லை. வீட்டுக்காரர் இப்படிச் சொல்கிறார், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கொத்தனார் சிரித்துக்கொண்டே, இருபது வருசமாக இப்படித்தான் கட்டுகிறோம் தங்கச்சி, இன்னொரு கயிறு போட்டு இறுக்கிவிடுகிறேன் என்றார். இன்னொரு கயிறும் போட்டார். சாயங்காலம் என் கணவர் கேட்டபோது, பிரித்துக் கட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். கைபேசியைப் பின்பக்கம் கொண்டுபோகவில்லை.

அதற்கு மறுநாள் நல்ல மழை. வேலை நடக்கவில்லை. அடுத்த நாள் வெயில் அடித்ததும் வந்துவிட்டார்கள். பதினொரு மணி இருக்கும், பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். சாரம் சரிந்துவிட்டது, ஒருவர் விழுந்துவிட்டார் என்றார். யார் என்று கேட்காமலே கிளம்பினேன்.

செங்கல் மண்ணுக்குள் இறங்கி, கம்பு சாய்ந்து, பலகை ஒருபக்கமாக வழுகியிருக்கிறது. கொத்தனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தார். கலவைச் சட்டியைக் கொடுக்க மேலே போன சித்தாள், பதினைந்து அடிக்கும் குறையாத உயரத்திலிருந்து ஜல்லிக் குவியல் மேல் விழுந்துவிட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். அதன் பின்னாலேயே வண்டியில் புதுக்கோட்டைக்குப் போனேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து என் கணவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர், "பிரிச்சுக் கட்டிட்டாங்கன்னு சொன்னியே" என்றார். பொய் சொன்னேன் என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கால்வெரல அசைக்கிறாங்களா, முதல்ல அதப் பாரு" என்றார்.

அசைத்தாள். முதுகுத்தண்டில் கீழ் எலும்பு ஒன்று விரிசல் விட்டிருந்தது. வலது குதிகால் நொறுங்கியிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, நடப்பாள், ஆனால் பழையபடி சுமை தூக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

அவளைக் கட்டிலில் மாற்றிய நர்ஸ் என்னைப் பார்த்து, "கட்டட வேலையா?" என்றார். நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் அந்த வார்டுக்கு வந்த புதிதில் புளியமரத்திலிருந்து விழுந்தவர்களும் கிணற்றில் விழுந்தவர்களும்தான் அதிகம் வருவார்களாம். இப்போது மாடியிலிருந்தும் சாரத்திலிருந்தும் விழுந்தவர்கள் என்றார். எதிர்க் கட்டிலில் இருந்த பெண்ணுக்குக் கலவை மிஷினில் கை போயிருந்தது. ஆண்கள் வார்டில், தூக்கிய கம்பி கரண்ட் லைனில் பட்டு விழுந்த ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். அத்தனை நாளும் புதுக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, வழியெல்லாம் எழும்புகிற புது மாடிகளைப் பார்த்து நம்முடையதும் இப்படி வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான்.

மூன்றாம் நாள்தான் அவளோடு தனியாகப் பேச முடிந்தது. அவளுடைய கணவர் கோயம்புத்தூர்ப் பக்கம் கான்கிரீட் வேலையில் இருந்தவர், செய்தி கேட்டு வந்து, டீ வாங்க வெளியே போயிருந்தார். அவள் முதலில் கேட்டது, "வேலை நின்னு போச்சாக்கா?" என்பதுதான். அதை விடு என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் நிறுத்தச் சொன்னார், நான் நிறுத்தவில்லை, அவரிடம் பொய்யும் சொன்னேன் என்று.

அவள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நீங்க நிறுத்தியிருந்தா நான் அன்னைக்கு வேற வீட்டுச் சாரத்துல ஏறியிருப்பேன். அங்கிட்டும் இதே கம்பு, இதே கயிறுதான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனாலும் நிறுத்தியிருக்கலாம்க்கா" என்றாள்.

அவளுடைய தலைமாட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிரப்பப் போனேன்.

பால் காய்ச்சுவதைத் தள்ளிவைத்தோம். வைத்தியச் செலவு முழுவதும் எங்களுடையது என்று என் கணவர் சொல்லிவிட்டார். கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் அவள் பதிவு செய்திருந்தாள், ஆனால் புதுப்பிக்காமல் விட்டிருந்தாள். உதவித்தொகைக்கான காகிதங்களோடு கொத்தனாரும் நானும் பலமுறை அலைந்தோம். அந்த அலைச்சலில் ஒருநாள், டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது கொத்தனார் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, நீங்க சொன்னப்ப நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கேக்குது."

என் கணவர் தையில் வந்தார். வந்த மறுநாளே இரும்புச் சாரம் வாடகைக்கு எடுத்துவந்து தன் கையாலேயே கட்டினார். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் தட்டு, பலகையின் ஓரத்தில் இடுப்புயரத்துக்குத் தடுப்பு. திருச்சியிலிருந்து, விழாமல் சாரத்தோடு மாட்டிக்கொள்ளும் இரண்டு பெல்ட் வாங்கிவந்தார். கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது என்று கொத்தனார் இரண்டு நாள் போடவில்லை. மூன்றாம் நாள் யாரும் சொல்லாமலே மாட்டிக்கொண்டு ஏறினார். இப்போது வேறு வீடுகளில் வேலை பேசும்போதும் இரும்புச் சாரம் கேட்கிறார். சிலர் சம்மதிக்கிறார்கள். சம்மதிக்காத வீடுகளில் என்ன செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். சவுக்குக் கம்புதான் தங்கச்சி, வேலை வேணும்ல என்றார்.

அவள் ஏழு மாதம் கழித்துக் கம்பு ஊன்றி நடந்தாள். குதிகால் இன்னும் வீங்கும். நூறு நாள் வேலையில் தண்ணீர் கொடுக்கிற இடத்தில் உட்காருகிறாள். மூத்த மகள் படிப்பை நிறுத்தவில்லை. பிள்ளைகளின் அப்பா திரும்பவும் கோயம்புத்தூர்ப் பக்கம் கான்கிரீட் வேலைக்கே போய்விட்டார்.

போன மாதம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, எதிர்வீட்டில் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வீட்டம்மாவிடம் நான் ஏற்கெனவே ஒருமுறை போய்ச் சாரத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன். மேஸ்திரி பார்த்துக்குவாரு என்று அனுப்பிவிட்டார். இவள் எங்கள் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனாள். நானும் பின்னால் போனேன். சாரத்தில் ஏறிக்கொண்டிருந்த சித்தாள் ஒருத்தியைப் பார்த்து, சத்தம் போடாமல், "எறங்கும்மா. அடியில பாத்துட்டு ஏறு" என்றாள்.

மேஸ்திரி, நீங்க யாரு என்று கேட்டார். அவள் தன் காலைக் காட்டவில்லை, கதை எதுவும் சொல்லவில்லை. கம்பின் நுனியால் சாரக்காலுக்கு அடியில் இருந்த மண்ணைக் குத்திக் காட்டினாள். கம்பு விரற்கடை ஆழத்துக்கு உள்ளே போனது. மேலே இருந்தவள் அதைப் பார்த்துவிட்டு, சட்டியோடு இறங்கி வந்து நின்றுகொண்டாள். மேஸ்திரி முணுமுணுத்தார். வீட்டம்மா உள்ளேயிருந்து வந்து என்ன என்று விசாரித்தார். கடைசியில் கனமான பலகைத்துண்டுகள் தேடி எடுத்து, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் வைத்தார்கள். அரைநாள் வேலை போனது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் மேலே ஏறினாள். இவள் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். காபி போட்டு வைத்திருக்கிறேன், உள்ளே வா என்று கூப்பிட்டேன்.

"அந்தப் புள்ள எறங்கட்டும்க்கா, வாரேன்" என்றாள்.