டூவில் பறந்துவிடும் குக்குறுவான்

இன்று காலை வெளியே 'டுக், டுக், டுக்' என்று கேட்டதும் காபியை வைத்துவிட்டுக் கேமராவோடு பால்கனிக்கு ஓடினேன். பதினேழு டுக் எண்ணிய பிறகுதான் பார்த்தேன், எதிர் அடுக்குமாடியில் ஒருவர் டைல்ஸைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"உங்க குருவி ஹெல்மெட் போட்டுக்கினு இருக்குது பாருங்க" என்றாள் பின்னாலேயே வந்த மனைவி.

என் கேமரா பையில் அந்துருண்டை வாசனை அடிக்கும். அது அவள் உபயம். அதற்கடியில் புளித்த அத்திப்பழ வாசனையும் இருப்பதாக நான் சொல்வேன். அவள் ஒப்புக்கொள்வதில்லை. அந்த அடுக்குமாடி நிற்குமிடத்தில்தான் முன்பு ஒரு பழைய ஓட்டு வீடும் அத்திமரமும் இருந்தன. தெருவெல்லாம் பழம் விழும், ஸ்கூட்டர்கள் நசுக்கிக்கொண்டு போகும்.

நான் ஸ்டூடியோ வேலையிலிருந்து ஓய்வுபெற்ற புதிதில் பிள்ளைகள் புதுக் கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் காக்ஸ் டவுனில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த மரத்துக் குக்குறுவான். பச்சை உடம்பு, சிவந்த நெற்றி. வாயைத் திறக்காமல் தொண்டையை உப்பி உப்பி, தாளம் தவறாமல் டுக் டுக் என்று கூப்பிடும். எண்ணாமல் மாத்திரைகூட விழுங்காதவன் நான். எனக்கென்றே செய்த பறவை. எண்ணிக்கொண்டே நிற்பேன். நாற்பதைத் தாண்டும்போது, படமெடுக்க வந்தது ஞாபகம் வரும்.

வந்தும் என்ன? கல்யாணம், ஞானஸ்நானம், ஸ்கூல் குரூப் என்று மனிதர்களையே எடுத்துப் பழகிய கை. "ஒன், டூ, த்ரீ" என்று சத்தமாகச் சொன்னால்தான் விரல் அமுங்கும். டூவில் குருவி பறந்துவிடும். த்ரீயில் கிளை மட்டும் படத்தில் மிக அழகாக விழும். அப்படி இருநூற்றுப் பதினொரு கிளைகள் வைத்திருக்கிறேன்.

"அது என்னா, சிரிக்கவா போவுது? அதுக்குப் போய் ஒன் டூ த்ரீ!" என்பாள் அவள்.

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் தலை ஆடியது. அதற்கும் பறந்தது.

பிறகு அந்த வீடு விலைபோயிற்று. மரத்தில் சிவப்பு பெயின்டில் நம்பர் போட்டார்கள். திங்கட்கிழமை வெட்டுகிறார்கள் என்றார் அந்த வீட்டு வாட்ச்மேன். ஞாயிறன்று சர்ச்சுக்கும் போகாமல் கேட்டருகே நின்றேன். அவள் திட்டிக்கொண்டே எனக்குக் குடை பிடித்தாள்.

"என்னா சார், மரத்த அளக்கறீங்களா? கார்ப்பரேஷனா?" என்றார் வாட்ச்மேன்.

"அவரு எங்க அளக்கறாரு? எண்ணறாரு" என்றாள்.

குருவி வந்தது. தாழ்ந்த கிளை. கண்ணைச் சுற்றிய மஞ்சள்கூடத் தெரிந்தது. இதை விட்டால் நாளைக்கு மரமே இல்லை. கேமராவைத் தூக்கினேன். "ஒன்..." என்றேன். என் விரல்மேல் அவள் விரல் விழுந்தது. கிளிக்.

"நான் இன்னும் டூ சொல்லலையே!"

"அதனாலதான் அது இன்னும் குந்திக்கினு இருக்குது."

அந்தப் படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. யார் எடுத்தது என்று தயவுசெய்து எங்கள் வீட்டில் வந்து கேட்டுவிடாதீர்கள்.

இன்றும் பால்கனியில் நின்று, பழக்கதோஷம், எதிர்ப்பக்கம் கேமராவைத் தூக்கி எண்ணினேன். ஒன், டூ, த்ரீ. அவள் அவசரப்படுத்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டூவில் பறந்துபோக அங்கே ஒன்றும் இல்லை.