அஞ்சாம் நம்பர் சொல்லி முடிக்காதது

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, போர்வெல் ராடு ஏற்றிய லாரியோடு எடைமேடையில் நின்றிருந்தபோது ஹவில்தார் ராமலிங்கம் ஐயாவின் மகன் கூப்பிட்டார். "அப்பா போயிட்டாருங்க" என்றார். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஐயாவின் முகம் அல்ல. என் மேசைக்குள் பாதியில் நிற்கும் நோட்டு.

உள்ளதைச் சொல்கிறேன். பட்டாளத்துக்காரர் டீசல் திருடமாட்டார் என்ற ஒரே எண்ணத்தில்தான் அவரை என் நாமக்கல் கிடங்குக்கு மேற்பார்வையாளராக வைத்தேன். வந்த வாரமே சுமை ஏற்றும் ஆறு பேருக்கும் நம்பர் கொடுத்தார். ஆளுக்கு ஒரே வேலை; ஒன்றாம் நம்பர் மட்டும்தான் வாயைத் திறக்கலாம். ராடு ஏற்றவா பரேடு என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள். "வலது காது பீரங்கிக்குக் குடுத்தாச்சு சாமி, இந்தப் பக்கம் வந்து பேசு" என்பார் ஐயா. ஒரே மாதத்தில் கிடங்கில் கை நசுங்குவது நின்றுபோனது.

அது அவருடைய ரெஜிமெண்டின் வழக்கம். ஒரு பீரங்கிக்கு ஆறு பேர். "காலாட்படைக்குக் கொடி இருக்குதுங்க. எங்களுக்குப் பீரங்கிதான் கொடி. ஒருத்தன் உழுந்தா அடுத்த நம்பர் அவன் வேலையையும் சேத்துப் பாக்கோணும்" என்று சொல்வார். அவர் அஞ்சாம் நம்பர். குண்டை எடுத்துக் கொடுப்பவர். வாங்கிப் பீரங்கிக்குள் வைக்கும் நாலாம் நம்பர், எருமப்பட்டிச் சின்னுசாமி. எல்லைப் போரில் சின்னுசாமியின் வயிற்றில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. ஐயா அவர் வேலையையும் சேர்த்துச் செய்தார். போர் முடிந்தபின் ஆஸ்பத்திரியில் சின்னுசாமி இறந்தார். காய்ச்சலால் என்று காகிதத்தில் எழுதிவிட்டார்கள். அதனால் போரில் இறந்தவர்களுக்கான ரெஜிமெண்டின் நினைவுக் கல்லில் அவர் பெயர் ஏறவில்லை.

போன வருடம் ரெஜிமெண்டிலிருந்து கடிதம் வந்தது. வரலாற்றுப் புத்தகம் போடுகிறோம், விடுபட்ட பெயர்களையும் சேர்ப்போம், கண்ணால் பார்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று. அந்தப் பீரங்கியில் உயிரோடு மிஞ்சியிருந்தவர் ஐயா ஒருவர்தான். கை நடுங்கியதால் என்னை எழுதச் சொன்னார்.

இங்கேதான் இருவரும் தப்புச் செய்தோம். சின்னுசாமி விஷயத்தை மட்டும் சொல்லுங்கள், ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. "வரிசை மாத்தக் கூடாதுங்க மொதலாளி. ரெஜிமெண்ட் எப்படி உருவாச்சுன்னு தெரியாம, அவன் எதுக்குச் செத்தான்னு யாருக்குத் தெரியும்?" படை திரட்டிய கதை, கோவேறு கழுதைகள், முதல் லாரி, ராஜஸ்தான் மணலில் புதைந்த சக்கரம் என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் ஒழுங்காக உட்காரவில்லை. சரக்கு நிற்கிறது, ஆடி போகட்டும் என்று தள்ளினேன். நாற்பது பக்கம் எழுதியிருந்தோம். சின்னுசாமி அடிபட்ட நாளுக்கு அப்போதுதான் வந்திருந்தோம். கடைசி வரி இது: "அன்று காலை பனிமூட்டம், ஆறு பேரும் டீ குடித்தோம்."

மறுநாள் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்தது. வாயும் வலது கையும் போயின. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினார். நாலு மணிக்கு மருந்து கேட்கிறார் என்று நினைத்தார் நர்ஸ். எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? நோட்டைப் பிரித்துக் கடைசி வரியை அவர் இடது காதில் படித்தேன். அவர் உதடு கோணிக்கொண்டு அசைந்தது, சொல் வரவில்லை. நான் தெரிந்ததை எழுதி அவர் இடது கட்டைவிரலை ஒற்றி அனுப்பினேன். பேச முடியாதவரின் சாட்சியமாக அடுத்தவர் எழுதியதை ஏற்க முடியாது என்று மரியாதையாகவே பதில் வந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எட்டு மாதம், போகும்போதெல்லாம் அந்த நாலு விரல்.

புதன்கிழமை ஐயாவை எடுத்தோம். என் ஆட்கள் ஆறு பேரும் தங்கள் நம்பர் வரிசையிலேயே நின்று தூக்கினார்கள். ஒன்றாம் நம்பர் மட்டும்தான் குரல் கொடுத்தார். சின்னுசாமியின் தங்கை எருமப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "அண்ணன் பேரு ஏறிருச்சுங்களா?"

"இல்லீங்கம்மா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார்.

ஐயா, நாலாம் நம்பர் விழுந்தபோது அவர் வேலையை நீங்கள் எடுத்துச் செய்தீர்கள். இப்போது நீங்கள் விழுந்துவிட்டீர்கள். நோட்டு திறந்தே கிடக்கிறது, பேனாவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பனிமூட்டத்தில் நான் இல்லையே. போய் வாருங்கள்.