நாத்தனார் திறந்த பி.எஸ்சி. புத்தகம்

உடுமலைப்பேட்டையிலிருந்து திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலுக்குச் சித்ராதேவி வாழ வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு ஓர் அட்டைப்பெட்டியும் வந்தது. உள்ளே அவளுடைய பி.எஸ்சி. வேதியியல் புத்தகங்கள். மூன்றாம் வருஷப் பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம். கரிம வேதியியலில் ஒன்று, கணிதத்தில் ஒன்று என்று இரண்டு அரியர் அப்படியே நின்றுபோனது. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளியவள் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

ஆனாலும் அந்தப் படிப்பை வைத்துத்தான் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இந்த நிறம்தான் வேண்டும் என்பார்கள். ஐந்து கிராம் துணியில் அந்த நிறத்தை அப்படியே கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் ஒன்றென்று சொல்லும் இரண்டு நீலங்களை அவள் கண் பிரித்துவிடும். படித்த வேதியியலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. மனப்பாடம் செய்ததை விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டு வந்தவள் அவள்.

நான்காவது வருஷம், வேலை முடிந்து வந்தவள் கட்டிலருகே பெட்டி திறந்து கிடப்பதைப் பார்த்தாள். கணவன் முருகேஷின் தங்கை மோனிஷா தரையில் உட்கார்ந்திருந்தாள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் ஒன் படிப்பவள். மடியில் தடிமனான கரிம வேதியியல் புத்தகம், ஒரு பக்கம் அவளுடைய பள்ளிப் புத்தகம், இன்னொரு பக்கம் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் பார்க்க ஃபோன்.

“இது காலேஜ் புக்கு கண்ணு. உனக்கு என்னத்துக்கு?”

“எங்க புக்குல இதப் பத்தி மேல்வகுப்புல படிப்பீங்கன்னு நிறுத்திப் போட்டாங்க அண்ணி. அடுத்தது என்னன்னு தெரியாம எப்படீங்க உடறது?”

மூன்று மாதத்தில் இருநூறு பக்கம் தாண்டிவிட்டாள். சித்ராதேவி ‘நியூக்ளியோஃபைல்’ என்று உருப்போட்ட சொல்லுக்குப் பள்ளிப் புத்தகத்தில் ‘கருக்கவர் பொருள்’ என்று இருந்தது. “பேர்லயே அது என்ன பண்ணுதுன்னு இருக்குதுங்களே” என்றாள் மோனிஷா. “பரீட்சைக்கு வராததை எதுக்குடி படிக்கறே?” என்று மாமியார் மயிலாள் கேட்டபோது, சித்ராதேவிக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் லேபில் செய்த பிசகைச் சித்ராதேவி பேச்சுவாக்கில் சொன்னாள். அவசரத்தில் துணிக்கு முன்பே சாயக் கரைசலில் சலவைச் சோடாவைக் கலந்த நேரத்தில் ஃபோன் வந்தது. பேசி முடித்து ஒரு மணி நேரம் கழித்துத் துணியைப் போட்டாள். நிறம் வெளிறிப் போய்விட்டது. சோடாவை முன்னாடியே கலந்தால் சாயம் செத்துப்போகும் என்று லேப் சீனியர் முனீஸ் சத்தம் போட்டார்.

மோனிஷாவின் கத்தி நின்றது. “சாயம் துணிய எப்படீங்க புடிக்குது?”

“பருத்தியில ஓ.ஹெச். இருக்குதல்ல? சோடா போட்டதும் அதுகூடப் பிணைப்பு வெச்சுக்கும்.”

“தண்ணியிலயும் ஓ.ஹெச். இருக்குதுங்களே.”

நறுக்கிய காயை முறத்தில் தள்ளிவிட்டு மோனிஷாவே சொன்னாள்: “அப்ப சாயம் சாகலீங்க அண்ணி. துணி வர்றதுக்குள்ள தண்ணியக் கட்டிக்கிச்சு. ஒருக்கா கட்டிக்கிட்டா அப்புறம் துணிகிட்டப் போவாது.”

சித்ராதேவி கத்தியைக் கீழே வைத்தாள். ஹைட்ராலிசிஸ், அதாவது நீராற்பகுப்பு. பரீட்சையில் எத்தனையோ முறை எழுதிய சொல். சாயப்பட்டறை வாசலைக்கூட மிதிக்காத பதினாறு வயதுப் பெண், அவரைக்காய் முறத்தின் முன்னால் உட்கார்ந்து, லேபில் நடந்ததைப் பார்த்தவள்போலச் சொல்கிறாள். புத்தகத்தில் இருந்தது நிஜம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மோனிஷா விடவில்லை. “பாத்திரத்துல துணியவிடத் தண்ணிதானுங்க ஜாஸ்தி? எல்லாச் சாயமும் தண்ணிகிட்டயே போயிருக்கோணும். துணிக்கு எப்படி இத்தனை கிடைக்குது?”

“தெரியலியே கண்ணு.”

மறுநாள் முனீஸிடம் கேட்டாள். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். “அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா? ஷேடு வந்தாப் போதும்லா” என்றார். அவள் பழைய புத்தகத்தைப் புரட்டினாள். நேரான பதில் இல்லை.

புதன்கிழமை உப்பை நிறுத்து எடுத்தவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். முதலில் உப்பு, அரை மணி கழித்துச் சோடா. நான்கு வருஷமாகக் கை தானாகச் செய்கிற வரிசை. ஏன் இந்த வரிசை?

இரண்டு பாத்திரம் எடுத்தாள். ஒரே சாயம், ஒரே துணி; ஒன்றில் மட்டும் உப்பு. சோடா போடுவதற்கு முன்பே இரண்டையும் திறந்து, நீரைக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினாள். உப்பில்லாத நீர் கருநீலமாக இருந்தது. உப்புப் போட்ட நீர் வெளிறியிருந்தது. அதன் சாயம் துணிக்குப் போய்விட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்தது இப்போது ஒன்றுசேர்ந்தது: தண்ணீருக்குள் பருத்திக்கும் எதிர்மின்சுமை, சாயத்துக்கும் எதிர்மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். உப்பின் சோடியம் நடுவில் நின்று அந்தத் தள்ளலைத் தணிக்கிறது. சாயம் போய் இழைமேல் உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகுதான் சோடா வருகிறது. தண்ணீர் எவ்வளவு இருந்தால் என்ன, அப்போது பக்கத்தில் இருப்பது பருத்தி.

கீழ்த்தளத்தில் டன் கணக்கில் துணி ஓடும் மெஷின்களின் இரைச்சல் கேட்டது. அத்தனையிலும் இந்த நிமிஷம் இதுதான் நடக்கிறது, கண்ணுக்கே தெரியாத கோடானுகோடி துகள்களில், ஒரு பிசகும் இல்லாமல். கோயில் கருவறையில் திரை விலகும்போது நிற்பதுபோல் அந்த இரண்டு குவளைகளின் முன் நின்றாள்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்து மோனிஷாவிடம் சொன்னாள். நடந்துகொண்டே கேட்டவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

“இது நம்ம புக்குல இல்லீங்களே அண்ணி. எங்க புடிச்சீங்க?”

“தெனமும் செஞ்சுட்டு இருந்ததுதான் கண்ணு. இன்னைக்குத்தான் பார்த்தேன்.”

பிளஸ் டூவில் மோனிஷாவுக்கு வேதியியலில் எண்பத்தேழுதான் வந்தது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதி நேரத்தை விட்டுவிட்டாள். எக்ஸ்போர்ட் ஆபீஸ் வேலைக்கு பி.காம். போதும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கோவையில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தாள். அதே வருஷம் நவம்பரில் சித்ராதேவி, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் நிறைந்த ஹாலில் உட்கார்ந்து கரிம வேதியியல் அரியரை எழுதினாள். எழுதும்போது ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் பின்னால் ஏதோ அசைவதுபோல் இருந்தது. பேனாவை நிறுத்தி நிறுத்தி யோசித்ததில் கடைசிக் கேள்வி பாதியில் நின்றது. அறுபத்தொன்று வாங்கித் தேறினாள்.

கணித அரியர் இன்னும் பாக்கி. அதற்கு உதவி கேட்டபோது மோனிஷா சிரித்துவிட்டாள்.

“எனக்கும் அது வர மாட்டேங்குதுங்க அண்ணி. ரெண்டு பேரும் சேர்ந்து முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கலாமுங்க.”